அரை ஸ்பூன் உப்பு

செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் நரசிம்மன் ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே டைப் செய்து வடிவமைத்துத் தருவார்கள். அச்சடிப்பது மட்டும் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில். தொண்ணூற்றாறாம் வருஷம் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு அந்தக் கடையில் சேர்ந்தவள் அமிர்தவல்லி. எல்லோருக்கும் அவள் வல்லி. சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு. கணவர் பார்த்தசாரதி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தார்.

வல்லி பயந்த சுபாவம். பஸ் முழுசாக நின்று, கண்டக்டர் இரண்டு தடவை சத்தம் போட்ட பிறகுதான் இறங்குவாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள். கடையில் ஒரு வரி அடித்ததும் சேவ் கொடுப்பாள், மறுபடி ஒரு வரி, மறுபடி சேவ். நரசிம்மன் கிண்டல் செய்வார். ஆனால் அவள் அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாக வந்தது என்று ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. ஆகவே அந்தப் பயம் அவருக்கு வசதியாகவே இருந்தது.

ஆரம்பத்தில் பிரஸ்ஸுக்கு டிரேசிங் பேப்பரில் எடுத்து பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் பிரஸ்காரர் இனிமேல் பிடிஎஃப் போட்டு மெயிலில் அனுப்புங்கள் என்றார். வல்லி முதன்முதலாக அனுப்பியது ஒரு ஆடித் திருவிழா நோட்டீஸ். கொஞ்ச நேரத்தில் பிரஸ்ஸிலிருந்து போன்.

"இன்னாம்மா அனுப்சிகிற? ஒரு எழுத்துகூட தமிழ்ல இல்ல. எல்லாம் கொம்பு மொளச்ச இங்கிலீஷா கீது."

வல்லி ஃபைலைத் திறந்து பார்த்தாள். அவள் கம்ப்யூட்டரில் அம்மன் பெயரும் ஊர்ப் பெரியவர்கள் பெயரும் அழகாக இருந்தன. அதே ஃபைல் அங்கே போய் எப்படி மாறும்?

பக்கத்து பிரவுசிங் சென்டர் பையனிடமும் பிரஸ்காரரிடமும் கேட்டுக் கேட்டு, காரணத்தைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆனது. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள் இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருந்தவை. கீபோர்டில் தட்டுவது இங்கிலீஷ், திரையில் தெரிவது தமிழ். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அது கையில் இருக்கும் வேறு ஏதோ ஃபான்ட்டைப் போட்டுக் காட்டிவிடும். அடியில் இருக்கிற இங்கிலீஷ் வெளியே வந்துவிடும். இதற்கு வழி, பிடிஎஃப் போடும்போதே ஃபான்ட்டையும் ஃபைலுக்குள் சேர்த்து அனுப்புவது. சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு இடம் இருந்தது. ஃபைலின் விவரங்களில் ஃபான்ட்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'எம்பெடட்' என்ற வார்த்தை இருந்தால் பயமில்லை.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் அவள் எதையும் அனுப்பியதில்லை. அக்கம்பக்கத்து டி.டி.பி. கடைக்காரர்கள்கூட ஃபான்ட் மாறிப்போனால் வல்லியைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்துச் சரி செய்து கொடுப்பாள். திரும்பி வரும்போது, சரியாகத்தான் செய்தோமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவாள்.

இரண்டாயிரத்து ஐந்து கடைசியில் பெய்த மழை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொளவாய் ஏரி தளும்பியது. கடலோரக் குப்பங்களில் கிணற்றுத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாந்திபேதி பரவியது. ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவக் குழு அங்கே கேம்ப் போட்டிருந்தது. அதில் இருந்த டாக்டர் ஸ்ரீதேவி ஒரு மத்தியானம் நனைந்த துப்பட்டாவோடு கடைக்கு வந்தார். கையில் எழுதிய ஒரு தாள்.

"உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் தீர்ந்துபோச்சு. அடுத்த லோடு எப்ப வரும்னு தெரியலை. வீட்டிலேயே கலந்துக்கச் சொல்லி ஒரு நோட்டீஸ் அடிக்கணும். இன்னிக்கே வேணும்" என்றார்.

காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை 6 ஸ்பூன். உப்பு ½ ஸ்பூன். குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவும். தாளில் இருந்தது அவ்வளவுதான். வல்லி பெரிய எழுத்தில் அடித்தாள். அவள் பயன்படுத்திய தமிழ் ஃபான்ட்டில் ½ இல்லை. ஒரு பழைய சி.டி.யிலிருந்து போட்டுவைத்த, பின்னங்களுக்கென்றே இருக்கிற சின்ன ஃபான்ட் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் 2 என்ற கீயைத் தட்டினால் ½ வரும், 4 என்ற கீயைத் தட்டினால் ¼ வரும். டிரேசிங் பேப்பர் காலத்தில் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்றுக்கு அதைத்தான் பயன்படுத்தினாள். இப்போதும் அதையே போட்டாள்.

கடை பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் நின்றபடியே படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். உப்பு ½ ஸ்பூன் என்று அதில் தெளிவாக இருந்தது.

பிடிஎஃப் போட்டபோது கரண்ட் போனது. யு.பி.எஸ். கீக்கீக்கென்று கத்த ஆரம்பித்தது. "சீக்கிரம் வல்லி, மெயில் போகட்டும்" என்றார் நரசிம்மன். வல்லி ஃபான்ட்ஸ் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பு ஃபான்ட், எம்பெடட். உள் ஃபான்ட், எம்பெடட். போன் நம்பரின் இங்கிலீஷ் ஃபான்ட், எம்பெடட். அந்தச் சின்னச் சாளரத்தில் தெரிந்த எல்லா வரியிலும் அந்த வார்த்தை இருந்தது. அனுப்பிவிட்டாள். சாளரத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் பிரஸ்ஸிலிருந்து கட்டுகள் வந்தன. வல்லி அன்று காய்ச்சலென்று லீவு. குப்பத்திலிருந்து தேசப்பன் தன் ஷேர் ஆட்டோவில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். கேம்ப்புக்குச் சாமான் ஏற்றி இறக்குவதெல்லாம் அவன்தான்.

அதற்கு அடுத்த நாள் காலை வல்லி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பத்து மீன்காரப் பெண் ஒரு மஞ்சள் நோட்டீஸை விசிறியாக மடித்து வைத்திருந்தாள். தான் போட்ட எழுத்து என்று வல்லிக்குத் தெரிந்தது. தான் அடித்ததை வெளியே பார்த்தால் ஒரு சந்தோஷம் வரும் அல்லவா, அப்படித்தான் எட்டிப் பார்த்தாள்.

உப்பு 2 ஸ்பூன் என்று இருந்தது.

"அம்மா, கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி விரித்தாள். காகிதம் சுத்தமாக இருந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. கொம்பு முளைத்த இங்கிலீஷ் வந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், தூக்கிப் போட்டிருப்பார்கள். இதில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. சர்க்கரை 6 ஸ்பூன், உப்பு 2 ஸ்பூன். பார்த்தால் நியாயமான கணக்கு மாதிரியே இருந்தது.

பஸ் நிற்கிறதுக்கு முன்பே இறங்கினாள்.

கடைக்குள் நுழைந்ததும் ஃபைலைத் திறந்தாள். அவள் திரையில் ½ என்றே இருந்தது. ஒரு நொடி உயிர் வந்தது. பிறகு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி, அனுப்பிய மெயிலிலிருந்து அதே ஃபைலைத் திறந்தாள். அங்கே 2. திரும்ப ஓடிவந்து பார்த்தாள். ½. நரசிம்மனும் கூடவே ஓடிவந்து இரண்டையும் பார்த்தார். ஃபான்ட்ஸ் பக்கத்தைத் திறந்து கீழே இழுத்தாள். கடைசி வரியில் அந்தச் சின்ன ஃபான்ட்டின் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஃபான்ட்டைச் செய்தவர்கள் அதை ஃபைலுக்குள் சேர்க்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். அவள் கம்ப்யூட்டரில் அது இருந்ததால் அங்கே எப்போதும் சரியாகவே தெரியும்.

"சார், குழந்தைங்களுக்குக் கொடுக்கிறது சார்" என்றாள்.

நரசிம்மன் கதவைப் பாதி சாத்தினார். "இரு. பதறாத. வெளில யாரும் இன்னும் கேக்கல. பிரஸ்ல மாறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்காத. கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா ரெண்டு பேரும் உள்ள போவணும்."

போலீஸ் ஸ்டேஷன் எதிரில் நடந்து போகக்கூடப் பயப்படுகிறவள் வல்லி. உள்ளே போவது என்ற வார்த்தை அவளை அப்படியே உட்கார வைத்துவிட்டது. டாக்டர் ஸ்ரீதேவியின் செல்லுக்குப் போட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். மறுபடி அதேதான்.

அந்த நேரத்தில் தேசப்பன் மீதிக் கட்டை எடுக்க வந்து கதவைத் தள்ளினான்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது? ஜொரம் வுடலயா?"

நரசிம்மன் கண்ணால் ஜாடை காட்டினார். வல்லி அவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "தேசப்பா, நோட்டீஸ எல்லாம் குடுத்துட்டியா?" என்றாள்.

"வூட்டுக்கு வூடு குடுத்தாச்சு. எங்க பூவாயிக்கா கொயந்தைக்கு நேத்துலேர்ந்து பேதி. அதாண்ட மொதல்ல குடுத்தேன். படிச்சுக் காட்டிட்டு வந்தேன்."

"என்னன்னு படிச்ச?"

"போட்டுக்கீறத படிச்சேன். ஆறு ஸ்பூன் சக்கர, ரெண்டு ஸ்பூன் உப்பு."

வல்லி எழுந்துவிட்டாள். "அது அரை ஸ்பூன். ரெண்டு இல்ல, அரை. ரெண்டு போட்டா குழந்தைக்கு ஆகாது. வண்டிய எடு" என்றாள். நரசிம்மன் தடுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ரோடு எது, ஏரி எது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். ஆட்டோ ஒரு இடத்தில் இருமிக்கொண்டு நின்றது. தேசப்பன் இறங்கி முழங்கால் தண்ணீரில் தள்ளினான். வல்லிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். அவளும் புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கித் தள்ளினாள்.

கேம்ப் போட்டிருந்த கொட்டகையில் டாக்டர் இல்லை. வேறு குப்பத்துக்குப் போயிருந்தார். குப்பத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்வதென்றால் நேரமாகும். அம்மன் கோயிலில் மைக் செட் இருந்தது. தேசப்பன் ஆம்ப்ளிஃபையரைப் போட்டு மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீ பேசிகினே இரு, நான் பூவாயிக்காவப் பாத்துட்டு வரேன்" என்று ஓடினான்.

வல்லி வாழ்க்கையில் மைக் பிடித்ததில்லை. அது வீலென்று ஒரு சத்தம் போட்டது. "எல்லாரும் உடனே கேளுங்க, உயிருக்கு ஆபத்து..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் சொல்ல விடவில்லை.

போன வருஷம் டிசம்பரில் கடல் உள்ளே வந்த ஊர் அது. மைக் கத்தியதும், ஆபத்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும், வீடுகளிலிருந்து ஜனங்கள் கொட்டியது போல வெளியே வந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். பெண்கள் கையில் அகப்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். "கடலு வருது, கடலு வருது" என்று யாரோ கத்தினார்கள். ஒரு வயதானவர் மணலில் விழுந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். வல்லி திரும்பிக் கடலைப் பார்த்தாள். அது எப்போதும் போல இருந்தது. ஆனாலும் அவளுக்கே அது வருகிற மாதிரி தோன்றியது. கையில் மைக்கை வைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி நின்றாள்.

தேசப்பன் திரும்பி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினான். "கடலு வரல! யாரும் ஓடாதீங்க! கடலு வரல! அந்த மஞ்ச நோட்டீஸுதான் தப்பு! உப்பு அரை ஸ்பூனு! அரை!" தொண்டை கிழியக் கத்தினான். நாலைந்து தடவை கத்திய பிறகுதான் முன்னால் ஓடியவர்கள் நின்றார்கள்.

திரும்பி வந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கலந்தோம், வாயில் வைக்க முடியவில்லை, கொட்டிவிட்டோம் என்றாள் ஒருத்தி. எங்கள் வீட்டில் சோற்றுக் கஞ்சியே கொடுத்தோம் என்றாள் இன்னொருத்தி. வல்லி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மூச்சு விட்டாள்.

கடைசியாக ரோட்டுப் பக்கமிருந்து பூவாயி வந்தாள். கடல் வருகிறது என்று அவளும் ஓடியிருந்தாள். தோளில் அவள் பையன் ஹேமந்த், ஒரு வயசுகூட நிரம்பாதவன். இத்தனை கூச்சலிலும் அந்தக் குழந்தை அழவில்லை. தலை அவள் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"தேசு, இவன் இன்னாடா எந்திரிக்கவே மாட்றான்" என்றாள் பூவாயி.

அதே ஆட்டோவில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். பூவாயி மடியில் குழந்தை. பக்கத்தில் வல்லி. குழந்தையின் நாக்கு தோல் மாதிரி காய்ந்திருந்தது. திடீரென்று கை கால் இழுக்க ஆரம்பித்தது. கண் மேலே போனது. பூவாயி அலறினாள். வல்லி அந்தச் சின்னக் காலைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கையில் வெட்டி வெட்டி இழுத்தது. "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். யாருக்குச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். வல்லி அங்கிருந்த டாக்டரிடம் மஞ்சள் நோட்டீஸைக் காட்டி, "இதுல இருக்கிற மாதிரி உப்பு போட்டுக் குடுத்திருக்காங்க. தப்பா அச்சாகியிருக்கு" என்று சொன்னாள். அவர் அதைப் படித்துவிட்டு உள்ளே போனார்.

சேதி எட்டி டாக்டர் ஸ்ரீதேவி வந்து சேர மாலையானது. உள்ளே போய்விட்டு வெளியே வந்தவர் வல்லியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரத்தத்துல உப்பு ரொம்ப ஏறியிருக்கு. சட்டுனு இறக்க முடியாது. வேகமா இறக்கினா மூளை வீங்கும். மெதுவாத்தான் போகணும். இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும்."

"என்னாலதானே டாக்டர்?"

"பேதியிலேயே தண்ணி போய் உப்பு ஏறும். இதுல உங்க ரெண்டு ஸ்பூன் எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது." பிறகு, "நானும் அடிச்சு வந்த கட்டைப் பிரிச்சுப் பார்க்கலை" என்றார்.

பார்த்தசாரதி வேலையிலிருந்து நேரே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்பது. தெரியாது என்றாள் வல்லி. பூவாயிக்கு நோட்டீஸ் தப்பு என்று தெரியும், அதை அடித்தது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவள் என்று தெரியாது. கேம்ப்பைச் சேர்ந்த யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தேசப்பனும் சொல்லவில்லை.

"இப்ப சொல்லாதே. குழந்தை பிழைக்கட்டும். ஏதாவது ஆயிடுச்சுன்னா ஊரே திரண்டு வந்துடும்" என்றார் அவர். அவர் சொன்னது தப்பில்லை. வல்லிக்கும் அதே பயம்தான். ஆனால் பூவாயி ஒவ்வொரு தடவையும் தன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்று சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை. அந்தக் கை அவளைச் சுட்டது.

மறுநாள் காலை வராண்டாவில் சொன்னாள்.

"பூவாயி, அந்த நோட்டீஸ அடிச்சது நான். அரை ஸ்பூன்னுதான் போட்டேன். அனுப்புறப்ப ரெண்டுன்னு மாறிப்போச்சு. நான் கடைசி வரைக்கும் பாக்கல."

பூவாயிக்குப் புரியவில்லை. "அரைன்னு போட்டா ரெண்டுன்னு எப்டி வரும்?"

"எங்க கம்ப்யூட்டர்ல பாத்தா அரைன்னு தெரியும். வேற கம்ப்யூட்டர்ல பாத்தா ரெண்டுன்னு தெரியும்."

"அப்போ எதுதான் நெசம்?"

வல்லி ஃபான்ட் என்றும் எம்பெடட் என்றும் எத்தனையோ கடைக்காரர்களுக்கு விளக்கியிருக்கிறாள். அந்த வராண்டாவில் அந்த வார்த்தைகள் எதற்கும் உதவாது.

பூவாயி வல்லியின் கையை விட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் வாய்ல வெச்சுப் பாத்தேன். கரிச்சிச்சு. டாக்டரு போட்டுக்கிறாங்க, நமக்கின்னா தெரியும்னு இன்னும் ரெண்டு ஸ்பூனு சக்கரயப் போட்டுக் கலக்கினேன். துப்பினான். மூக்கப் புடிச்சுகினு ஊத்தினேன். நான்தான் ஊத்தினேன்."

பிறகு, "போ. இங்க ஒக்காராத. போ" என்றாள்.

வல்லி எழுந்து போனாள். வீட்டுக்குப் போகவில்லை. வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை ஓரம் நின்றாள். யாராவது அழுதுகொண்டு வெளியே வந்தால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். அவர்கள் வேறு யாரோ என்று தெரிந்ததும் மறுபடி வரும். நரசிம்மன் தேடிக்கொண்டு வந்தார். அவர் பிரஸ்ஸில் போய் நேரே உட்கார்ந்து, புது நோட்டீஸ் அடிக்கச் சொல்லியிருந்தார். "நீ வந்து ஒரு தடவ பாத்தாத்தான் மிஷின ஓட்டச் சொல்லுவேன். என்னால முடியல வல்லி, எனக்கு எதப் பாத்தாலும் ரெண்டாத் தெரியுது" என்றார்.

போனாள். நோட்டீஸை அவளே முதலிலிருந்து அடித்தாள், இந்தத் தடவை பின்னம் இல்லை. 'உப்பு அரை ஸ்பூன்' என்று எழுத்திலேயே போட்டாள். பாதி நிரம்பிய ஸ்பூனின் படம் ஒன்று வைத்தாள். கரைசல் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது, கரித்தால் கொட்டிவிடுங்கள் என்று டாக்டர் ஸ்ரீதேவி போனில் சொன்ன வரியைக் கீழே சேர்த்தாள். எல்லா எழுத்தையும் படமாக மாற்றினாள், எந்த ஃபான்ட்டும் தேவைப்படாதபடி. மிஷினிலிருந்து வந்த முதல் தாளைக் கையில் வாங்கி விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு கட்டிலிருந்து நடுவில் ஒன்றை உருவிப் படித்தாள். கடைசியில் இருந்ததையும் படித்தாள். பிரஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் தேசப்பன் டீக்கடைக்கு வந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் தரையைப் பார்த்தாள்.

"கண்ணு முயிச்சுட்டான்க்கா. பால் குடிக்கிறான்" என்றான்.

வல்லி அங்கேயே, ரோட்டு ஓரத்தில், ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு பயம் போய்விடவில்லை. வலிப்பு வந்த குழந்தை, வளர வளரத்தான் தெரியும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். தேசப்பன் செங்கல்பட்டு வரும்போதெல்லாம் கடைக்குள் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். "நிக்கிறான்க்கா." "நடக்கறான், கொஞ்சம் லேட்டுதான்." குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று அவன் சொன்ன மாதங்களில் வல்லிக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒருநாள் தேசப்பன் சிரித்துக்கொண்டே வந்து, "என்னிய டேய்னு கூப்புடறான்க்கா" என்றான்.

கேஸ் எதுவும் வரவில்லை. பூவாயி யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. ஏன் என்று யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. வல்லி அந்த வேலையிலேயே இருந்தாள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து முறை வந்து, பழைய ஃபான்ட் தொல்லைகள் பெரும்பாலும் ஒழிந்தன. ஆனால் மருந்து, மருத்துவம் சம்பந்தப்பட்ட எதையும் அச்சான தாளைக் கையில் வாங்கிப் படிக்காமல் அவள் வெளியே விட்டதில்லை. அவசரம் என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள் என்பாள். நரசிம்மன் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

சில வருஷங்கள் கழித்து, ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக வல்லி மாமல்லபுரம் போனாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பூவாயியைப் பார்த்தாள். மீன் கூடை இடுப்பில். கூடவே ஒரு பையன், தரையில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலை உதைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். கால் நேராகத்தான் இருந்தது. நன்றாகவே ஓடினான். வல்லி ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். போய்ப் பேசலாமா என்று நினைத்தாள்.

பூவாயி திரும்பியபோது அவளைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். செங்கல்பட்டு பஸ் வந்ததும் பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

வல்லி ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். அவள் அடுத்ததற்கு நின்றாள்.